வந்த நேரம் 19.10

டிசம்பர் 9, செவ்வாய்

இந்த நோட்டு பிலோமினா டீச்சர் கொடுத்தது. முதியோர் வகுப்பு முடிந்த அன்று எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கூடவே ஒரு நோட்டு. "தினமும் நாலு வரி எழுதுங்கய்யா. விட்டா கை மறந்துடும்" என்றார்.

நான் ஏகாம்பரம். வயது அறுபத்தாறு. பொழிச்சலூரில் விமானிகள் தங்கும் விடுதியில் சமையல்காரனும் காவல்காரனும் நானே. இதை எழுதி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் துடைத்தேன்.

டிசம்பர் 10, புதன்

கம்பெனி சின்னது. இறக்கையில் விசிறி வைத்த விமானங்கள் ஐந்து. விமானிகள் இந்த விடுதிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார்கள். எந்த அறையை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று மேலாளர் புருஷோத்தமன் சார் சமையலறைச் சுவரில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார். அந்த நேரத்துக்குக் கதவைத் தட்டுவேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை. சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை உண்டு. என் மனைவி கன்னியம்மாள் இறந்த பிறகு, நாலு வருடம் முன்பு, சார் கொடுத்தார். நல்ல மனிதர்.

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. நான் வேலைக்கு வந்த முதல் வாரம் ஆயுத பூஜை. அந்தப் பலகைக்கு மாலை போட்டிருந்தார்கள். சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்று அதன் முன் நின்று எழுத்துக் கூட்டினேன். "சத்தம் போடாதீர். விமானிகள் உறங்குகிறார்கள்."

படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. ஒன்பது வருடம். எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள். ஒருவர் சொல்லக் கூடாதா? புருஷோத்தமன் சாரிடம் கேட்டேன்.

"யோவ் பெருசு, நீ கும்புட்டதாலதான்யா நம்ம ப்ளேன் ஒண்ணும் விழல. நிறுத்திடாத" என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி பிறந்ததிலிருந்து தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிக்கிறது. குழாயின் வாய் நேராக நம் மூன்றாம் அறை ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. இன்று அந்த அறையில் ஆக்னஸ். துணை விமானி. தூத்துக்குடிப் பெண், இருபத்தேழு வயது. மற்றவர்கள் அறைக்குத் தட்டு கேட்பார்கள். இவள் மட்டும் சமையலறையில் அரிசி டிரம் மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். காலையில் தலையணையைத் தலைமேல் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

நேராகக் கோயிலுக்குப் போனேன். கமிட்டித் தலைவர் கோதண்டம் பொங்கல் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஏகாம்பரம், சாமி பாட்டு கேட்டா உங்க பைலட்டுக்குக் காது வலிக்குதா?"

"காது வலிக்கல. அந்தப் பொண்ணு மூணு மணி நேரந்தான் தூங்கிச்சு. மத்தியானம் அம்பது பேர ஏத்திக்கினு பறக்கணும்."

"பகல்ல தூங்கச் சொல்லு."

"பகல்ல யாரு ஓட்றது? நீ வரியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோதண்டம் முகம் சிவந்து, ஆளை ஏற்றிக் குழாயைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். பிரசாதம் மட்டும் எனக்குக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

ஆக்னஸ் எனக்காக ஓர் அட்டை கொண்டுவந்தாள். விமானத்தில் ஒவ்வொரு இருக்கையிலும் இருக்குமாம். தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள். இரவு உணவுக்குக் காய் நறுக்காமல் அதைப் படித்தேன். முழுதும் படித்தேன்! ஓர் இடத்தில் மட்டும் எரிச்சல் வந்தது. ஆபத்தில் முதலில் உன் முகமூடியைப் போட்டுக்கொள், பிறகு பக்கத்துக் குழந்தைக்குப் போடு என்று இருக்கிறது.

"இது இன்னாம்மா நியாயம்? புள்ளய வுட்டுட்டு நான் மூச்சு வுடணுமா?"

"தாத்தா, நீங்க மயங்கி விழுந்துட்டீங்கன்னா பிள்ளைக்கு யாரு போட்டு விடுவா? ரெண்டு பேரும்லா போவீங்க." சாதத்தைப் பிசைந்தபடி சொன்னாள். "எங்களுக்கும் அதான். நாங்க தூங்கி எந்திச்சு வந்தாத்தான் பின்னால உக்காந்திருக்கவங்க நிம்மதியாத் தூங்க முடியும்."

சரிதான் என்று பட்டது. ஆனாலும் அந்த வரி பிடிக்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

நாலாம் அறை வெந்நீர்ப் பெட்டி மூன்றாவது முறையாகக் கெட்டுவிட்டது. அண்டாவில் சுடவைத்து மாடிக்குத் தூக்கினேன். இடுப்பு போய்விட்டது. புருஷோத்தமன் சார் "பாக்கலாம்" என்கிறார். போன டிசம்பரிலும் பார்த்தார்.

பனிக்காலம் வந்தாலே விடுதி தலைகீழாகிவிடும். காலையில் மூட்டம் விலகும்வரை விமானம் இறங்க முடியாது. எங்கோ இறங்க வேண்டியது வேறெங்கோ இறங்கும். இங்கே இருக்க வேண்டிய விமானி அங்கே மாட்டிக்கொள்வார். கம்பெனியில் ஆட்கள் குறைவு. மற்ற மாதங்களில் சமாளித்துவிடுவார்கள். இந்த இரண்டு மாதம் முடியாது. அதனால் மாட்டிக்கொண்டவர்களைக் கார் வைத்து இரவோடு இரவாகச் சாலை வழியே கொண்டுவந்து இறக்குவார்கள். விமானம் பறந்தால் அதற்குப் பத்து இடத்தில் பதிவு உண்டாம். கார் ஓடியதற்கு ஏது பதிவு? ஆக்னஸ்தான் சொன்னாள்.

ஜனவரி 1, வியாழன்

புது வருடம். புது ரெஜிஸ்டர். எந்த விமானி எத்தனை மணிக்கு விடுதிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று எழுதும் பெரிய புத்தகம். அதைப் பார்த்துத்தான் ஓய்வு போதுமா என்று சோதனைக்கு வருபவர்கள் தெரிந்துகொள்வார்களாம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சாட்சிக்கு ஒரு கட்டம். அதில் என் கட்டை விரல் ரேகை. ஆள் வரவர வைப்பதில்லை. மாதத்தின் முதல் நாளே காலி வரிகளில் வரிசையாக வைத்துவிடுவேன். பிறகு சார் நிரப்பிக்கொள்வார். அதுதான் வழக்கம்.

"சார், இனிமே நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன். காலையிலேயே பத்து முறை பழைய காலண்டர் தாளில் போட்டுப் பார்த்திருந்தேன்.

"நாப்பது வரிய்யா. நீ ஏ-னா எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த பொங்கல் வந்துரும்."

"ஒண்ணா வேணாம் சார். அவங்கவங்க வரும்போது ஒண்ணொண்ணா போடறேன். அப்ப மணியும் சரியா இருக்கும்."

அவர் முகம் மாறியது. மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ஏகாம்பரம். வேலையப் பாரு."

நாற்பது முறை வைத்தேன். மை மூன்று முறை சோப்பு போட்டும் போகவில்லை. ஆறு மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், கண் எரிய எரியப் படித்தவன் நான். எழுதப் படிக்கத் தெரியாதவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். எனக்குத்தான் இப்போது தெரியுமே!

ஜனவரி 5, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கேப்டன் ராகவேந்திரனும் ஆக்னஸும் நேற்று மாலை மூன்றரைக்குப் புதுச்சேரியில் விமானத்தை இறக்கியிருக்கிறார்கள். நாலு மணிக்குக் கார் வர வேண்டும். இருந்த ஒரு காரை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். பத்து மணிவரை இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வழியெல்லாம் பனி, டிரைவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டியிருக்கிறான். நான் கதவைத் திறந்தபோது மணி இரண்டு நாற்பது. சீட்டில் ஏழு மணிக்கு எழுப்பு என்று இருந்தது. ஏழுக்குத் தட்டினேன்.

எட்டுக்கு வண்டி வந்தது. ஆக்னஸ் சீருடையில் வரவில்லை.

"சார், நான் இன்னைக்குப் பறக்க லாயக்கில்ல. எழுதித் தாரேன்" என்றாள் புருஷோத்தமன் சாரிடம். "படுக்கும்போது மூணு மணி. கண்ணு முன்னால எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"பேப்பர்ல பதிமூணு மணி நேரம் ரெஸ்ட் இருக்கேம்மா."

"பேப்பரு தூங்கிச்சா சார்? நான்லா தூங்கணும்."

கேப்டன் ஷூ மாட்டிக்கொண்டே, "ஆக்னஸ், இதெல்லாம் இந்த வேலைல சகஜம்மா. ஸ்ட்ராங்கா ஒரு காபி குடி, சரியாயிடும்" என்றார். முப்பது வருட அனுபவம் உள்ளவர்.

"நீங்களும் போகாதீங்க சார்."

அவர் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு எழுந்தார். மேசைமேல் இருந்த என் ஃப்ளாஸ்க்கைத் தன் கைப்பை என்று எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். நான் ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தேன். அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். தாம்பரத்தில் வீட்டிலிருந்த வேறொரு துணை விமானியைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது.

பகல் பன்னிரண்டு மணி. விமானம் ஓடுபாதையை விட்டு வழுக்கிவிட்டது என்று செய்தி.

ஜனவரி 6, செவ்வாய்

உயிர்ச்சேதம் இல்லை. தெற்கே ஒரு சிறிய ஊர். பத்து மணிக்கும் அங்கே மூட்டம் விலகவில்லையாம். கேப்டன் பாதையின் ஓரத்தில் இறக்க, இடது சக்கரம் சேற்றில் இறங்கி விமானம் அரை வட்டம் சுற்றி நின்றது. விமானப் பணிப்பெண் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது. நாற்பத்தொரு பயணிகள் ஏணி வழியாக இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு என்று கம்பெனி வண்டி டிரைவர் சொன்னான்.

மதியம் கூடத்தைப் பெருக்கும்போது ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. படித்தேன். தேதி 4. அறை எண் 3. வந்த நேரம் 19.10. கீழே அறை 5, அதே நேரம். பக்கத்தில் என் ரேகை, கொழுகொழுவென்று, இரண்டு வரியிலும்.

நாற்பது ஆண்டுகள் வேறு வேலைகள், ஒன்பது ஆண்டுகள் இங்கே. யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. என் விரலை வைத்தே என் பேரில் பொய் எழுதியிருக்கிறான் அந்த ஆள். இனி அவனுக்கு "ர்" கிடையாது. படிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. கோபம் வேகமாக வருகிறது, எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

ஆக்னஸுக்குக் கடிதம் வந்துவிட்டது. போதிய ஓய்வு இருந்தும் காரணமின்றி வேலைக்கு மறுத்தாள். பழக்கமில்லாத துணை விமானியோடு கேப்டன் போக நேர்ந்தது. அதுவே விபத்துக்குக் காரணம். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். அறையைக் காலி செய்து நங்கநல்லூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரவு கேப்டன் ராகவேந்திரன் சமையலறைக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் முறை. மோர் கேட்டார்.

"நீங்க இன்னா சார் எழுதிக் குடுத்தீங்க?"

"ஏழு பத்துக்கு வந்தோம்னு."

"ரெண்டு நாப்பதுக்கு நான்தான கதவத் தொறந்தேன்."

"ஏகாம்பரம், எனக்கு இன்னும் எட்டு மாசந்தான் சர்வீஸ். தூக்கக் கலக்கத்துல இறக்கினேன்னு நானே சொன்னா லைசென்ஸ் போயிடும். அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்கு. வேற கம்பெனி கிடைக்கும்."

"கெட்ட பேரோட யாரு சார் குடுப்பாங்க?"

தம்ளரை வைத்துவிட்டுப் போனார். பாதி மோர் அப்படியே இருந்தது. கீழே கொட்டினேன். அவர்மேல் கொட்டியிருக்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆக்னஸ் வந்தாள். பத்தொன்பதாம் தேதி அரசாங்க விசாரணை. அன்று இரவு காரை ஓட்டிய டிரைவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டானாம், போனை எடுப்பதில்லை.

"நீங்க ஒருத்தர்தான் தாத்தா இருக்கீங்க. நான் வந்த நேரத்த சொல்லுவீங்களா?"

"சொல்லாம? நான் அந்த ரெஜிஸ்டரப் பாத்தேன்னே அந்த ஆளுக்குத் தெரியாது. நான் படிச்சேன்மா, என் கண்ணால. பொய்யின்னு நானே கண்டுபுடிச்சேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்பளம் பொரிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

புருஷோத்தமன் இன்று ரொம்ப அன்பாகப் பேசினான். என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"பெருசு, விசாரணைல நீ வாயத் தொறக்காத. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நான் சொல்லிடறேன். ரேகதான இருக்கு. விவரம் தெரியாத ஆளுன்னு உன்ன விட்டுடுவாங்க. உனக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டான். பிறகு அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தான். கன்னியம்மாள் படம், மின்விசிறி, பீரோ. "நாலு வருஷம் சந்தோஷமா இருந்துட்ட. இந்த வயசுல எங்க போவ?"

அயோக்கியன்.

ஜனவரி 14, புதன்

போகி. ஒரே புகை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

இரண்டு நாளாக நடந்ததை எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் நடக்கவில்லை என்று ஆகாது.

போகிக்கு முதல் நாள் மாலை விமான நிலையத்துக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள், ஓடுபாதை மறைகிறது, விமானங்கள் இறங்க முடியவில்லை என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் எரிக்கிறார்கள். போகியன்று விடியற்காலை ஐந்து மணிக்கே கோதண்டம் வீட்டு வாசலில் டயர் எரிந்தது. நான் போய்க் கத்திவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் நம் விடுதிப் பின்கட்டில் புருஷோத்தமன். கையில் சாக்கு. அதில் ஐந்து ரெஜிஸ்டர். பழைய நாலு வருடத்துடையவை நாலு, இந்த வருடத்துடையது ஒன்று.

"எரிக்கக் கூடாதுன்னு மைக்ல சொன்னாங்களே."

"டயரத்தான சொன்னாங்க, பேப்பரச் சொல்லல. பழசக் கொளுத்தற நாளு. போடு."

"இந்த வருசத்துது பழசு இல்லையே."

"புதுசு ஒண்ணு எழுதிட்டேன். அதுல ராத்திரி வந்து ரேக வைக்கணும் நீ. போடுன்றேன்ல."

அவன் பக்கத்தில் நின்றான். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். கெட்டி அட்டை, முதலில் பற்றவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஊற்றியது நான்தான். பழைய நாலும் எரிந்தன. என் கை நடுங்கவில்லை. மனம் லேசானது என்றே எழுத வேண்டும். அவை போய்த் தொலைந்தால் தேவலை என்று எனக்கும் இருந்தது. ஏன் இருந்தது என்று இப்போது எழுதப் போவதில்லை.

அதற்குள் ஊர்ப் புகையெல்லாம் சேர்ந்து எதிர்வீடு தெரியாமல் போயிற்று. அவன் போன் அடிக்கத் தொடங்கியது. ஓடுபாதை தெரியவில்லை, விமானங்கள் நின்றுவிட்டன, இரண்டு பெங்களூருக்குத் திரும்பிவிட்டன, விமானிகளின் வேலை நேரம் முடிகிறது, யாரை மாற்றுவது? அவன் கத்திக்கொண்டே இருமினான். "மிச்சத்தையும் போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மிச்சம் இந்த வருடத்துடையது. அரிசி டிரம்முக்குள் அரிசிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரவு அவன் புது ரெஜிஸ்டரோடு வந்தபோது விரலில் வெந்நீர் கொட்டிவிட்டது என்று துணி சுற்றிக் காட்டினேன்.

ஜனவரி 19, திங்கள்

விசாரணை. நீள மேசை. அதிகாரியின் பெயர் திரவியம் என்று வாசல் பலகையில் படித்தேன். மதுரைப் பக்கத்து ஆள். ஒரு பக்கம் ஆக்னஸ், எதிரே கேப்டனும் புருஷோத்தமனும்.

துணிப்பையிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரிரு அரிசி மணிகள் உதிர்ந்தன. புருஷோத்தமன் எழுந்தேவிட்டான்.

அதிகாரி புரட்டினார். பதிமூன்றாம் தேதியோடு எழுத்து நின்றிருந்தது. அதற்குக் கீழே பெயரில்லை, தேதியில்லை, என் ரேகை மட்டும் வரிசையாகப் பதினேழு. அவர் ஒவ்வொன்றையும் பேனா முனையால் தொட்டு எண்ணினார்.

"இதுல இன்னும் ஆளே வரலையே. யாரு வந்ததுக்கு நீங்க சாட்சி?"

"மாசம் பொறந்ததும் மொத்தமா வெச்சுடுவேன் சார். அவரு பொறவு எழுதிக்குவாரு. நாலாந் தேதி அந்தப் பொண்ணு வந்தது ராத்திரி ரெண்டு நாப்பது. இதுல பத்தொம்போது பத்துன்னு போட்ருக்கு. நான் படிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சேன்."

"சார், அவருக்கு எழுத்தே தெரியாது சார்" என்றான் புருஷோத்தமன். "அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கு."

"தெரியும் சார். ஆறு மாசமா முதியோர் வகுப்புல படிச்சேன்." சான்றிதழை நீட்டினேன்.

அதிகாரி சான்றிதழைப் பார்த்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க படிச்சது தமிழு. இது பூராம் இங்கிலீஷ்ல இருக்கு. எப்பிடிப் படிச்சீங்க?"

"நம்பர் சார். ரூம் நம்பரு, தேதி, மணி."

"நம்பர் படிக்க எப்பக் கத்துக்கிட்டீங்க? இந்த ஆறு மாசத்துலயா?"

அவர் நல்ல மனிதர். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார். தலையை ஆட்டினால் போதும். ஆக்னஸும் தலையை ஆட்டச் சொல்வதுபோலப் பார்த்தாள். புருஷோத்தமன் மட்டும் சிரித்தான். அவனுக்குத் தெரியும். சுவரில் அவன் ஒட்டும் சீட்டில் அறை எண்ணும் மணியும்தானே இருக்கும். ஒன்பது வருடம் பிந்தாமல் எழுப்பினேன் என்று நானே இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"இல்ல சார். நம்பரு சின்ன வயசுலயே தெரியும். ரயில்வே டைமும் தெரியும்."

"அப்ப முன்னாடியும் இந்த மாதிரி எழுதுனதப் பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன்."

"யார்ட்டயாச்சும் சொன்னீங்களா?"

"ஒரே தடவ. நாலு வருசம் முன்னாடி. 'சார், இவரு வந்தது மூணு மணிக்கு, நீங்க ஒம்போதுன்னு போட்ருக்கீங்களே'ன்னு புருஷோத்தமன் சார்கிட்ட கேட்டேன். அடுத்த வாரம் எனக்கு ரூம் குடுத்தாரு. அப்புறம் கேக்கல."

பழைய ரெஜிஸ்டர்கள் எங்கே என்று அதிகாரி கேட்டார். எரித்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய் ஊற்றியதையும் சொன்னேன்.

கேப்டன் ராகவேந்திரன் தொண்டையைச் செருமினார். தான் எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் தரச் சொன்னார், திருத்த வேண்டும் என்றார். "திருத்த முடியாது, வேற எழுதுங்க" என்று அதிகாரி வெள்ளைத் தாள் கொடுத்தார். ஆக்னஸ்மேல் உள்ள குற்றச்சாட்டை நிறுத்திவைப்பதாகவும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தேன். அவள் ஓடி வந்து ஏதாவது சொல்வாள் என்று, வெட்கமில்லாமல், எதிர்பார்த்தேன். வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நாலு வருசமாத் தெரியுமா தாத்தா?"

"தெரியும்மா."

"நான் ரெண்டு வருசமா அங்கதான் தங்குதேன். கண்ணக் கசக்கிக் கசக்கி ஏறி இறங்கிருக்கேன். எனக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறுன்னு ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் போனேன். நீங்க சோறு போட்டு, பாவம் பிள்ளன்னு சொல்லி, ஏழு மணிக்குக் கரெக்டா வந்து கதவத் தட்டிருக்கீங்க."

"எனக்குப் போக எடமில்லம்மா."

"எனக்குப் பின்னால அம்பது பேரு உக்காந்திருந்தாங்களே, அவங்கள்லாம் எங்க போவாங்க?"

ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே வைத்துக்கொண்டிருப்பேன்?

ஜனவரி 20, செவ்வாய்

அறையைக் காலி செய்துவிட்டேன். அனகாபுத்தூரில் மைத்துனன் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை. பகலில் அனல், விடியலில் குளிர். "எத்தினி நாளு?" என்று அவன் கேட்டான்.

ஜனவரி 22, வியாழன்

திரவியம் சாரின் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். பழைய ரெஜிஸ்டர்கள் இல்லாததால் மற்ற இரவுகளை நினைவிலிருந்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அதை வைத்துச் சுங்கச்சாவடிப் பதிவு, விமானப் பதிவு எல்லாம் ஒத்துப்பார்க்க முடியுமாம். எழுதினால் என்மேலும் வழக்கு வரலாம் என்பதையும் சொல்லிவிட்டார். ஆக்னஸ்தான் என்னைத் தேடிப் பிடிக்கச் சொன்னாளாம். "அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், எழுதச் சொல்லுங்க" என்றாளாம். கோபமாகச் சொன்னாளா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

ஜனவரி 24, சனி

அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். யார், வந்த நேரம், எழுப்பிய நேரம். தேதி பல நினைவில்லை. என்ன சமைத்தேன் என்பது நினைவிருக்கிறது. பருவம் நினைவிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தேதியைத் தேடுகிறேன். இரண்டு நாளில் பதினொரு இரவுகள் எழுதியிருக்கிறேன். இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. மைத்துனன் மனைவி கீழிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டாவது இது. போன வருடத்துக்கு முந்தைய தை, கிருத்திகைக்கு மறுநாள். ஆறாம் அறை. புதிதாகச் சேர்ந்த பையன், பெயர் சரத். ரவை உப்புமா போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டான், தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டான். கையைக் கழுவிவிட்டு மாடிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். வந்த நேரம் 2.20. எழுப்பிய நேரம் 5.00. முதல் இரண்டு தட்டலுக்கு எழவில்லை. உள்ளே போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்பா" என்றான், என்னைத் தன் அப்பா என்று நினைத்து. போர்வையை இழுத்து எழுப்பிவிட்டவன் நான்.